முதுமையும் புவியீர்ப்பும்

நடை பழகும் குழந்தை ஒரு நாளில் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? விழும், அழும், அடுத்த நொடியே எழுந்து ஓடும். அதே கூடத்தில் பாட்டி ஒரே ஒரு முறை வழுக்கி விழுந்தால், தொடை எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேரிடுகிறது. வயதானால் எலும்பு வலுவிழக்கும் என்பது பாதி விடைதான். மீதியைப் புவியீர்ப்பிடம் கேட்க வேண்டும்.

60 கிலோகிராம் நிறையுள்ளவர் நிற்கும்போது அவருடைய ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. விழுந்து கிடக்கையில் அது 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு வந்துவிடும். இந்த 70 சென்டிமீட்டர் இறக்கத்தில் வெளிப்படும் நிலை ஆற்றல் ஏறத்தாழ 410 ஜூல். 10 கிலோகிராம் குழந்தையின் ஈர்ப்பு மையம் 30 சென்டிமீட்டர்தான் இறங்குகிறது. கணக்குப் பார்த்தால் 30 ஜூலுக்கும் குறைவு. பாட்டியின் வீழ்ச்சி குழந்தையின் வீழ்ச்சியைப் போல் பதினான்கு மடங்கு!

இந்த ஆற்றல் எங்காவது செலவாக வேண்டும். விசையைத் தொலைவால் பெருக்கினால் வேலை. மணலில் விழுந்தால் உடல் சில அங்குலம் புதைந்து நிற்கும், விசை குறையும். சிமென்டுத் தரை புதையாது. மிகக் குறுகிய தொலைவில் உடல் நின்றாக வேண்டியிருப்பதால் விசை பன்மடங்காகும். இளைஞர் என்றால் சட்டென ஒரு காலை எடுத்து வைத்தோ கையை ஊன்றியோ தப்பித்துக் கொள்வார். விழுவதற்கு ஆகும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. அதற்குள் இயங்கத் தசைக்கு வேகமும் வலிவும் வேண்டும்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்தான். “இயந்திரம் ஓட ஓடத் தேய்கிறது. ஆகவே வயதானவர்கள் அசையாமல் இருப்பதுதானே நல்லது?” என்றான். நல்ல கேள்வி. நம் வீடுகள் பலவற்றில் நடப்பதும் அதுதான். “நீங்கள் உட்காருங்கள் அப்பா, நான் எடுத்து வருகிறேன்” என்று அன்பின் பெயரால் ஒவ்வொரு வேலையாகப் பறித்து, பெரியவரைச் சாய்வு நாற்காலியில் அமர்த்திவிடுகிறோம்.

ஆனால் எலும்பு இரும்பன்று. 1866ஆம் ஆண்டளவில் சூரிச் நகரில், பாலங்களையும் பாரந்தூக்கிகளையும் வடிவமைத்த பொறியியல் பேராசிரியர் குல்மான், உடற்கூற்று அறிஞர் மேயர் வெட்டி வைத்திருந்த தொடை எலும்பின் உட்புறத்தைக் கண்டார். எலும்பின் தலைப்பகுதியில் ஓடிய மெல்லிய கம்பி போன்ற இழைகள், பாரந்தூக்கியில் தாம் கணக்கிட்டு வரைந்த தகைவுக் கோடுகளை ஒத்திருக்கக் கண்டு வியந்தார். பளு எங்கே விழுகிறதோ அங்கே எலும்பு தன்னைக் கட்டிக்கொள்கிறது என்பதை 1892இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் ஒரு விதியாகவே எழுதினார். எலும்பில் அரிக்கும் செல்களும் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. பளு இருந்தால் கட்டுமானம். இல்லையேல் அரிப்பு மிஞ்சும். டென்னிஸ் ஆட்டக்காரர்களின் ஆடும் கை எலும்பு மற்றக் கை எலும்பைவிடப் பருத்திருக்கும்.

எதிர்மறைச் சான்று விண்வெளியில் கிடைத்தது. எடையற்ற நிலையில் வாழும் விண்வெளி வீரர்கள், நல்ல உடல்நலமும் நடுத்தர வயதும் உடையவர்கள், உடலைத் தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தியை இழந்தார்கள். அதைத் தடுக்கவே விண்வெளி நிலையத்தில் நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள். சாய்வு நாற்காலி ஒரு சிறிய விண்கலம் என்று சொன்னால் மிகையாகாது.

இளமையில் சேர்த்த எலும்பு, முப்பது வயதளவில் உச்சத்தை அடைந்து பின்னர் மெல்லக் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின், ஈஸ்ட்ரோஜன் குறைவதால், இழப்பு வேகம் எடுக்கிறது. எலும்புப்புரை என்பது இதன் முற்றிய நிலை. கால்சியமும் வைட்டமின் டியும் புரதமும் தேவைதான். எனினும் செங்கல்லைக் குவித்தால் மட்டும் வீடு எழும்பாது. கட்டச் சொல்வது பளுதான்.

காலம் கடந்துவிட்டதோ? 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி வயது 90 ஆன, தளர்ந்த பத்துப் பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. எட்டு வாரம் காலால் பளு தூக்கும் பயிற்சி. முடித்த ஒன்பது பேரின் தொடைத்தசை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது!

நம் வீட்டில் பளு தூக்கும் கருவி வேண்டியதில்லை. தரையில் அமர்ந்து எழும்போது உடல் அரை மீட்டருக்கு மேல் உயர்கிறது. சுமார் 300 ஜூல் வேலை. பத்து முறை எழுந்தாலும் 3000 ஜூல், ஒரு கிலோ கலோரிகூட ஆகாது. ஆகவே உடல் மெலிய இது உதவாது. தொடைத்தசையைத் தன் எடையை எதிர்த்து உழைக்கச் செய்வதே இதன் பயன். முழங்கால் வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து பழகலாம்.

விழுந்தபின் ஆகும் செலவுக்கு வழி உண்டு. 70 வயது நிரம்பியவர்களுக்கு, வருமானம் பாராமல், ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை அளிக்கும் வகையில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. முறிந்த எலும்புக்கு இது பெரிய உதவி. ஆனால் குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி பதிக்க எந்தக் காப்பீடும் பணம் தருவதாக நான் அறியேன். அதை நாமேதான் பதித்துக்கொள்ள வேண்டும். தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளிக்கும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. படுத்தவரை எழுப்பி நடக்க வைப்பதால் இந்தப் பகுதியே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வலியுள்ளவர் நடக்கக் கைத்தடி துணை. பலர் வலிக்கும் காலின் பக்கத்திலேயே அதைப் பிடிக்கிறார்கள். இடுப்பு மூட்டு வலிக்கு அது தவறு. ஒற்றைக் காலில் நிற்கும்போது, அந்தக் காலின் எடை நீங்கலாக மிஞ்சும் 50 கிலோ, இடுப்பு மூட்டிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் உட்புறமாக இழுக்கிறது. வெளிப்புறத் தசையோ 5 சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. நெம்புகோல் விதிப்படி அது 100 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும்; மூட்டின் மேல் மொத்தம் 150 கிலோ. எதிர்க்கையில், மூட்டிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளித் தடியை வைத்து 5 கிலோ அளவுக்கு அழுத்தினால், தசைக்கு 60 கிலோ போதும். மூட்டின் பளு 105 கிலோவாக இறங்கிவிடும். தோராயக் கணக்குதான்; ஆயினும் 5 கிலோ அழுத்தம் 45 கிலோவைக் குறைக்கிறது பாருங்கள்!

கையைத் தொங்கவிட்டு நிற்கையில் மணிக்கட்டு இருக்கும் உயரத்தில் தடியின் பிடி அமைய வேண்டும். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்து வழவழப்பானால் உராய்வு போய்விடும், உடனே மாற்றிவிடுங்கள்.