மறந்துபோன கதைக்காரிகள் – 9: எழுத வராதவர் சொன்ன கதை

லிதியா சார்ஸ்காயாவைப் போன வாரம் பார்த்தோம். ருஷ்யச் சிறுமிகள் உயிராய்ப் படித்தவர். புரட்சிக்குப் பின் நூலகங்களிலிருந்து நீக்கப்பட்டு, 1937இல் வறுமையில் இறந்தவர். நம் பக்கத்தில் அவருக்கு நேரான வை.மு.கோதைநாயகி அம்மாள் எப்படி மறக்கப்பட்டார் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு தகவல் என்னைப் பிடித்துக்கொண்டது.

கோதைநாயகி முதல் நூலைக் கையால் எழுதவில்லை. வாயால் சொன்னார்.

1901இல் பிறந்தவர். ஆறு வயதுகூட நிறையாமல், 1907இல் கல்யாணம். பள்ளிக்கூடம் கிடையாது. கணவர் பார்த்தசாரதி நாடகங்களுக்கு அழைத்துப் போனார். திருவல்லிக்கேணி வீட்டில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்லிச் சொல்லி, மனதில் ஒரு நாடகமே உருவாகிவிட்டது. படிக்க வரும், எழுத வராது. தோழி பட்டம்மாள் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இவர் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நாடகமென்றால் முழுக்கப் பேச்சுதானே! ஒவ்வொரு பாத்திரமாக மாறி மாறி இவர் பேசியிருப்பார்; விட்டுப்போன சொல்லைப் பட்டம்மாள் திரும்பக் கேட்டிருப்பார். அப்படிப் பிறந்தது ‘இந்திர மோகனா’, 1924இல் அச்சேறியது. பிறகு எழுதவும் கற்றுக்கொண்டார். மறு வருடமே, நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை வாங்கி நடத்தத் தொடங்கிவிட்டார். மொத்தம் 115 நாவல்கள்.

இதை ஏன் விடாமல் பிடித்திருக்கிறேன் என்றால், அவர் நாவல்களில் பாத்திரங்கள் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள். அதைக் குறை என்கிறோம். வடசேரியில் கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு பாட்டி எனக்கு வேறு கணக்குச் சொன்னார்: “மக்ளே, நான் அஞ்சாங் கிளாசோட நின்னவ. எங்க அம்மைக்கு ஒரெழுத்து தெரியாது. ராத்திரி வெளக்கு வச்சு நான் கத வாசிப்பேன், அவ ஓலை முடைஞ்சிட்டே கேப்பா. நிறுத்தினா ஏசுவா.”

வாயால் பிறந்த கதை காதுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தக் காதுகளுக்கு வேண்டிய நீளம் அது. கண்ணால் மட்டும் வாசிப்பவர்கள் தீர்ப்பு எழுதியபோது இவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

நம் கவிமணி ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ முழுவதையும் குடும்பத் தலைவரான காரணவருக்கு ஐந்தாவதாக வாழ்க்கைப்பட்ட ஒருத்தியின் வாயால்தான் சொல்ல வைத்தார். அந்தப் பேச்சின் அழகை இன்றும் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஒரு பெண் தானே வாய்திறந்து சொன்ன கதைகளுக்கு அந்த மரியாதையில் பாதியாவது கிடைத்திருக்க வேண்டாமா?

கோதைநாயகி 1960இல் காலமானார். அவருடைய ‘தயாநிதி’ நாவல்தான் 1966இல் கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் இயக்கத்தில் பத்மினி நடித்த ‘சித்தி’யானது. அந்தப் படத்தை இன்றும் சொல்பவர்களில் எத்தனை பேர் கதைக்காரியின் பெயரைச் சொல்வார்கள்?

மறந்தது எப்படி, அம்பை போன்றவர்களின் ஆய்வில் பெண்ணெழுத்து திரும்பப் பேச்சுக்கு வந்தது எப்படி என்பதெல்லாம் அடுத்த வாரம். அதற்குள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள்: அந்தக் காலத்தில் யார் வாசித்தார்கள், யார் கேட்டார்கள்? இலக்கிய வரலாற்றில் விட்டுப்போன பக்கம் அவர்களிடம்தான் இருக்கிறது.