தட்டில் விழுந்த நிழல்

திருவக்கரையில் (கல்மரப் பூங்கா இருக்கும் ஊர்தான்) எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஃபேன், பின்சுவரில் டியூப்லைட். ராத்திரி அம்மா உட்கார்ந்தால் அவர் நிழலே தட்டில் விழும். மீன் முள்ளை விரலால் தடவித்தான் எடுப்பார்.

நான் முதலில் செய்தது தப்பு. ஃபேனுக்கு மேலே, கூரையில் ஒரு எல்இடி விளக்கு போட்டேன். ஃபேன் ஓடியதும் தட்டே துடித்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நிமிடத்துக்கு 350 சுற்று, 3 இறக்கை. அப்படியென்றால் விநாடிக்கு 17, 18 முறை வெளிச்சம் வெட்டுப்படுகிறது. கண்ணுக்கு அது நன்றாகவே தெரியும்.

ஆகவே விளக்கு இறக்கைக்குக் கீழே, மோட்டாரின் அடியில் இருக்கவேண்டும். விளக்கோடே வரும் ஃபேன் வாங்கினால் வாட்டைப் பார்க்காதீர்கள், லூமனைப் பாருங்கள். கீழ்நோக்கிப் பரவும் 1500 லூமன் தட்டை விளக்கு, மேசைக்கு 1.7 மீட்டர் மேலே இருந்தால், நேர் கீழே சுமார் 165 லக்ஸ் கிடைக்கும். சாப்பிட அது போதும். சில மாடல்களில் விளக்கு ஒப்புக்குத்தான் இருக்கிறது. நிறம் காட்டும் அளவான சிஆர்ஐ 90 இருந்தால் குழம்புக்குள் முள் தனியாகத் தெரியும்.

பிஎல்டிசி மோட்டார் என்றால் 75 வாட் இழுத்த இடத்தில் 30 வாட் போதும். ஆனால் சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே இருக்கும் சர்க்யூட் கெட்டுப்போகலாம். ரிமோட்டை அம்மா தொடவே மாட்டார். அதனால் விளக்குக்குத் தனி ஸ்விட்ச் வைக்கக்கூடிய மாடலாகத் தேடி எடுத்தேன்.