விமானப் பாவனைச் செயலியில் தமிழ்க் குரல்: காஞ்சிபுர வட்டாரப் பெயர்களை முன்வைத்து

விமானம் ஓட்டுதலைக் கணினியில் பயிலும் பாவனைச் செயலிகளுள் (சிமுலேட்டர்) ஃபிளைட்கியர் கட்டற்ற மென்பொருளாகும். 1997 முதல் வெளிவருகிறது. அதில் கட்டுப்பாட்டுக் கோபுரம், விமானி, துணைவிமானி, தரைப்பணியாளர் ஆகியோர்க்குத் தனித்தனிக் குரல்களை ஒதுக்கலாம். பேசவேண்டிய தொடரைச் செயலி எழுத்தாகவே தரும்; எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான ஃபெஸ்டிவல் போன்ற உரை-பேச்சு மாற்றி அதனை ஒலியாக்கும். சென்னை ஐ.ஐ.டி. தலைமையிலான ஆய்வுக் கூட்டமைப்பு ஃபெஸ்டிவல் கட்டமைப்பிலேயே தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிக் குரல்களை உருவாக்கியுள்ளது. எனவே குரலை இணைத்தல் அரிதன்று. எழுத்தை எவ்வொலியாகக் கொள்வது என்பதே அரிது.

தமிழ் வல்லின எழுத்து ஒலிப்புடை ஒலிக்கும் ஒலிப்பிலா ஒலிக்கும் பொதுவானது. ‘பம்பரம்’ என்பதில் முதற் பகரமும் அடுத்த பகரமும் ஒன்றல்ல. மொழிமுதலிலும் இரட்டிக்கும் இடத்திலும் வன்மையாகவும், மெல்லினத்தின் பின்னும் உயிர்களின் இடையிலும் மென்மையாகவும் ஒலிக்கும் இம்முறையைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் விளக்கினார். இவ்விதியை மட்டும் கொண்ட பொறி எங்கே தடுமாறும் என்பதை இடப்பெயர்களே நன்கு காட்டும்.

சென்னை விமான நிலையத்தின் 07 ஓடுதளத்தை மேற்கு நோக்கி நீட்டினால் அக்கோடு ஏறத்தாழக் காஞ்சிபுரத்தை எட்டும். பாவனையில் அவ்வழியே இறங்குவோர் கேட்கும் பெயர்களுள் ‘காஞ்சிபுரம்’ ஒன்று. ஞகரத்தின் பின் வரும் சகரம் மென்மையாகும். ஆங்கிலேயர் காலத்துக் ‘கான்ஜீவரம்’ என்ற எழுத்துமுறையும், பட்டுக்கு இன்றும் வழங்கும் ‘காஞ்சிவரம்’ என்ற பெயரும் பேச்சுமரபுக்குச் சான்றாகின்றன. அவற்றில் பகரம் வகரமாகவே தேய்ந்துவிட்டது. திருத்தமான பேச்சிலோ ‘புரம்’ தனிச்சொல்லாதலால் அதன் பகரம் வன்மையாக நிற்கும். உயிரிடை விதியை அப்படியே பின்பற்றும் பொறி இதனையும் மென்மையாக்கிவிடும்.

அப்படியானால் சொல்லெல்லையைக் குறித்துவிட்டால் போதுமா? போதாது. ‘ஸ்ரீபெரும்புதூர்’ என்பதில் ‘புதூர்’ தனிச்சொல்லே. ஆயினும் முன்னுள்ள மகரத்தால் அதன் பகரம் மென்மையாகிறது. மெல்லின விதி எல்லையைக் கடந்தும் செல்லும், உயிரிடை விதி செல்லாது என்று இரண்டையும் பிரித்தே பொறிக்குக் கற்பிக்க வேண்டும். சென்னையின் இரண்டாம் விமான நிலையத்துக்கென 2022இல் அறிவிக்கப்பட்ட ‘பரந்தூர்’ இச்சிக்கல் எதுவுமின்றிப் பொதுவிதிக்கே அடங்குகிறது.

அடையாளக் கட்டடங்களைச் சொல்லும்போது வேறொரு தடை எழும். ஏகாம்பரநாதர் கோயிலில் 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய, ஏறத்தாழ 190 அடி உயர இராசகோபுரம் தாழப் பறப்போர்க்கு நல்ல குறி. ஆனால் ‘கோபுரம்’ வடசொல். அதன் மொழிமுதற் ககரம் மென்மையானது. எவ்விதியும் இதனைத் தராது. இத்தகைய சொற்களுக்கு ஒலிப்பகராதி ஒன்றே வழி.

எண்களில் பிழை நேர்ந்தால் விளைவு பெரிது. ‘திசை 070’ என்ற உரையைப் பொதுப்பயன் மாற்றி ‘எழுபது’ என்று படிக்கக்கூடும். வான்போக்குவரத்து மரபில் திசையெண் இலக்கம் இலக்கமாகவே சொல்லப்படும்: சுழியம், ஏழு, சுழியம். இம்மரபு தமிழுக்கும் நன்மையே. முழு எண்ணாகச் சொன்னால் இரைச்சலில் ‘எண்பது’ என்பதும் ‘ஒன்பது’ என்பதும் மயங்கும். இலக்கமாகச் சொன்னால் ‘பது’ என முடிவது ஒன்பது மட்டுமே. எஞ்சும் மயக்கம் ‘ஒன்று’, ‘மூன்று’ என்பவற்றிடையது. ஆங்கிலத்தில் ஒன்பதைக் குறிக்கும் சொல்லைப் பன்னாட்டு விதியே ‘நைனர்’ என நீட்டியிருப்பது இத்தகைய மயக்கத்தைத் தவிர்க்கவே. தமிழில் புதுச்சொல் தேவையில்லை. விரைவுக்காகக் குரலைச் சுருக்கும்போது ‘மூன்று’ என்பதன் நெடிலைக் குறுக்காதிருந்தால் போதும்.

சென்னை வான்பரப்பில் உண்மையான உரையாடல் ஆங்கிலத்திலேயே நிகழ்கிறது. ஆதலால் தமிழ்க் குரலுக்கு உரிய இடம் தொடக்கநிலைப் பயிற்சி. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் ஆணைகளை ஆங்கிலத்தில் விட்டு, துணைவிமானியின் விளக்கத்தை மட்டும் தமிழாக்குவது பொருத்தமானது. பாத்திரந்தோறும் தனிக்குரல் தரும் ஃபிளைட்கியரின் அமைப்பு அதற்கு இடந்தருகிறது.