சாய மெஷின் பேசும்... கேட்கிறீர்களா?



எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் சாஃப்ட் ஃப்ளோ மெஷின் ஓட்டுகிறார். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு லாட் பனியன் துணி திட்டுத் திட்டாக வந்துவிட்டது. "உப்பைச் சரியாப் போடலை" என்று சொல்லி அப்பாவுக்கு இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். அடுத்த வாரம் ஃபிட்டர் வந்து ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே பஞ்சு மெத்தை மாதிரி அடைத்துக் கிடந்தது! பிடித்த சம்பளம் மட்டும் திரும்பி வரவில்லை.

"மெஷின் ஒரே நாள்ல கெட்டுப்போறதில்லை கண்ணு. பத்து நாளா சொல்லிட்டே இருக்கும். நாமதான் கேக்கறதில்லை" என்றார் அப்பா.

அது என்ன சொல்லும்? வகுப்பில் படித்ததையும் அப்பாவிடம் கேட்டதையும் சேர்த்துத் தருகிறேன்.

1. துணியின் ஓட்டம்: ஃபில்டரில் பஞ்சு அடைத்தால் பம்புக்குத் தண்ணீர் போதாது. நாசில் அழுத்தம் குறையும். கயிறாக ஓடும் துணி மெதுவாகும், சில சமயம் நின்றே போகும். நின்ற இடத்தில் சாயம் சமமாக ஏறாது. பருத்தித் துணி என்றால் ஒவ்வொரு லாட்டுக்கும் ஃபில்டரைச் சுத்தம் செய்வதே நல்லது.

2. சத்தம்: பம்புக்குள் சரளைக்கல் உருள்வது போல் கேட்டால், உறிஞ்சும் பக்கம் தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம். பேரிங் கரகரத்தாலோ வழக்கத்தைவிடச் சூடானாலோ உடனே சொல்லுங்கள். கிளாண்ட் பேக்கிங்கில் சொட்டுச் சொட்டாக ஒழுகுவது இயல்பு. மெக்கானிக்கல் சீல் ஒழுகினால் அது பழுது.

3. சூடேறும் நேரம்: முன்பு 20 நிமிடத்தில் ஏறிய சூடு இப்போது 30 நிமிடம் எடுக்கிறதா? ஹீட் எக்ஸ்சேஞ்சரில் உப்புப் படிந்திருக்கலாம், அல்லது ஸ்டீம் டிராப் வேலை செய்யாமல் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கலாம். வால்வை மூடிய பிறகும் சூடு ஏறினால் வால்வு கசிகிறது.

4. தெர்மாமீட்டர்: ரியாக்டிவ் சாயத்துக்கு 60 டிகிரி வேண்டிய இடத்தில் மீட்டர் பொய் சொன்னால் ஷேடு மாறும். பழி சாயத்தின் மேல் விழும்! சரிபார்த்த வேறொரு தெர்மாமீட்டரை வைத்து அவ்வப்போது ஒப்பிடுங்கள்.

5. கதவு: பாலியஸ்டருக்கு 130 டிகிரி வரை, அழுத்தத்தில் ஓட்டுகிறோம். கேஸ்கெட் ஓரத்தில் ஆவி தெரிந்தால் அந்த மெஷினை ஓட்டக் கூடாது. 80 டிகிரிக்குக் கீழே இறங்கி, அழுத்தம் பூஜ்யம் ஆன பிறகே திறக்க வேண்டும். இன்டர்லாக்கை யாராவது கட்டி வைத்திருந்தால் சும்மா இருக்காதீர்கள். இது துணி விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை நம் ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். கெட்டுப்போன லாட்டைத் திரும்பச் சாயம் போட்டால் தண்ணீர், உப்பு, கழிவு எல்லாமே மறுபடியும் செலவுதான்.

ஆகவே நண்பர்களே, பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு லாட்டுக்கும் நாசில் அழுத்தம், சூடேறிய நேரம், மோட்டார் ஆம்பியர் மூன்றையும் எழுதுங்கள். எண்கள் நகர ஆரம்பிக்கும்போதே பழுது தெரிந்துவிடும்.

அன்று அப்பாவிடம் அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால், சம்பளத்தைப் பிடித்திருக்க முடியுமா? நாளை சூப்பர்வைசராகப் போகப் போகிறவர்கள் நாம். மெஷின் ஓட்டுகிறவரைத் திட்டும் முன் ஃபில்டரைத் திறந்து பார்ப்போம்!