மலைவாசிகளின் நிலமும் வெளியார் மூலதனமும்

(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதுவது)

மலைப் பிரதேசங்களில் தொழில்களை விருத்தி செய்யவேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அதனுடன் ஒரு கேள்வியும் எழுவது வழக்கம். "மலைவாசியின் நிலத்தை வெளியார் வாங்கக் கூடாதென்று சட்டம் தடுக்கின்றது. நிலம் கைக்கு வராத இடத்தில் எந்த முதலாளி பணம் போடுவான்? எந்த நிபுணன் வந்து தங்குவான்?" என்பதே அக்கேள்வி. கூட்டுறவுச் சங்கக் கூட்டங்களில் நன்கு படித்தவர்களும் இவ்வாறு வினவுவதை நான் பன்முறை கேட்டிருக்கிறேன். இதற்குரிய விடையை, விசாகப்பட்டணத்துக்கு வடமேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலைமீதுள்ள அரக்குப் பள்ளத்தாக்கின் காப்பித் தொழில் நமக்குக் காட்டுகின்றது.

சட்டம் பிறந்த காரணம்

அரக்கு முதலிய மலைப்பகுதிகள் 1953-ஆம் வருஷத்தில் ஆந்திர ராஜ்யம் ஏற்படும் வரையில் நமது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தன. அவற்றை 'ஏஜென்ஸி' என்று அழைப்பர். சமவெளியிலிருந்து சென்ற சாவுகார்கள் தானியமும் துணியும் கடனாகக் கொடுத்து, வட்டிக்கு வட்டி ஏற்றி, முடிவில் நிலத்தையே எழுதி வாங்கிக்கொண்டனர். எழுத்தறியாத மலைவாசி, தான் கைநாட்டு வைத்தது யாதென்றும் அறியான்.

இதைத் தடுக்கவே சென்னை சர்க்கார் 1917-இல் ஏஜென்ஸி வட்டி, நில மாற்றச் சட்டத்தை இயற்றினர். மலைவாசியிடம் வருஷத்திற்கு நூற்றுக்கு 24-க்கு மேல் வட்டி கோரலாகாது, கூட்டுவட்டி செல்லாது, உரிய அதிகாரியின் எழுத்து மூலமான சம்மதமின்றி அவன் நிலம் மலைவாசியல்லாதார்க்கு மாற்றப்படலாகாது என்பன அதன் விதிகள். பின்னர் 1959-ஆம் வருஷத்து ஒழுங்குமுறை அதன் இடத்தில் வந்தது. 1970-இல் அது மேலும் இறுக்கப்பட்டது. இப்பொழுது அங்கு நிலத்தை மலைவாசிக்கோ, மலைவாசிகள் மாத்திரமே அங்கத்தினராயுள்ள கூட்டுறவுச் சங்கத்துக்கோ அன்றி வேறு எவருக்கும் மாற்ற இயலாது. சட்டமே கூட்டுறவுச் சங்கத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பதை நேயர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். இக்கட்டுரையின் கருத்து அதிலேயே அடங்கியுள்ளது.

1997-ஆம் வருஷத்துத் தீர்ப்பு

தனியார் நிலத்தை மாற்றலாகாது. ஆனால் சர்க்கார் தமக்குச் சொந்தமான நிலத்தைக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விடலாம் அல்லவா என்ற வாதம் பின்னர் எழுந்தது. அரக்குக்கு அருகிலுள்ள அனந்தகிரிப் பகுதியில் சுரங்கக் குத்தகைகள் அவ்வாறே கொடுக்கப்பட்டன. 'சமதா' என்னும் தொண்டு ஸ்தாபனம் இதை எதிர்த்து வழக்காடியது. 1997-ஆம் வருஷம் ஜூலை மாதம் 11-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகளில் இருவர், சர்க்காரும் அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஒரு 'நபரே' என்றும், தனியார் கம்பெனிகளுக்குக் கொடுத்த அக்குத்தகைகள் செல்லா என்றும் தீர்ப்பளித்தனர்.

அத்தீர்ப்பு தொழிலே கூடாதென்று கூறவில்லை. சர்க்காரின் கனிவளக் கழகமோ மலைவாசிகளின் கூட்டுறவுச் சங்கமோ சுரங்கத் தொழிலை நடத்தலாம் என்றும், நிகர லாபத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அப்பிரதேசத்துப் பள்ளி, வைத்தியம், பாதை, தண்ணீர் முதலியவற்றுக்கு நிரந்தர நிதியாக ஒதுக்கவேண்டும் என்றும் அது வழிகாட்டியது.

அரக்கின் காப்பி

இனிக் காப்பித் தொழிலைக் காண்போம். கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் முதல் 1,100 மீட்டர் வரை உயரமுள்ள இம்மலைகளில் காட்டை வெட்டி எரித்து, சில வருஷம் பயிரிட்டு, மண் சாரம் குன்றியதும் வேறிடம் பெயரும் 'போடு' சாகுபடியே முன்னர் மிகுதி. அதற்கு மாற்றாகச் சர்க்கார் நிழல்மரங்களின் கீழ் அராபிகா காப்பியை மலைவாசிகளின் சொந்த நிலத்திலேயே பயிரிடச் செய்தனர். நிழலுக்குச் சில்வர் ஓக் மரமும், அம்மரத்தின்மீது மிளகுக் கொடியும் வைப்பதால் ஒரே நிலத்தில் இரு வருமானம் கிட்டுகின்றது, மண்ணும் அரிபடுவதில்லை. 1956-இல் ஏற்பட்ட கிரிஜனக் கூட்டுறவுக் கழகம் விளைபொருளை வாங்குகின்றது. காப்பி போர்டார் 1976-இல் ஆர். வி. நகரில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அமைத்தனர்.

ஆயினும் விளைவித்தவனுக்கு நல்ல விலை எளிதில் வரவில்லை. காரணம் யாது? காப்பிப் பழம் பறித்த அன்றே தோலுரிக்கப்படவேண்டும். தாமதித்தால் புளித்துக் குணம் கெடும். ஏறக்குறைய 6 கிலோ பழத்திலிருந்து 1 கிலோ கொட்டையே கிடைக்கும். சிறுநிலம் உடையவன் தோலுரிக்கும் யந்திரமும், கழுவும் தொட்டியும், உலர்த்தும் களமும் தனக்கெனக் கட்ட இயலாது. ஆகவே வீட்டு முற்றத்தில் பழத்தைத் தோலோடு உலர்த்தி, வந்த வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவந்தான். குறை நிலத்திலன்று, பழத்துக்கும் சந்தைக்கும் இடையிலுள்ள வேலையிலேயே இருந்தது.

மூலதனம் சென்ற இடம்

அவ்விடைவெளியிலேயே வெளியார் பணமும் அறிவும் புகுந்தன. நாந்தி என்னும் தரும ஸ்தாபனத்தின் துணையுடன் 2007-இல் சிறு மலைவாசிக் குடியானவர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று பதிவாயிற்று. சங்கத்தின் மத்திய ஆலையில் பழம் ஒருங்கே பதப்படுத்தப்பட்டது. கவாத்து செய்தல், மக்கிய உரம் தயாரித்தல், சிவந்து பழுத்ததை மட்டும் பறித்தல் ஆகியவற்றை நிபுணர்கள் தோட்டத்திலேயே கற்பித்தனர். விற்பனைக்கெனத் தொழிலதிபர் சிலர் தனியே கம்பெனி அமைத்து, 2017-இல் பாரிஸ் நகரத்தில் கடை திறந்தனர். 2019-இல் அரக்கு அராபிகாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இவ்வளவு நிகழ்ந்தும் ஒரு சென்ட் நிலமாவது மலைவாசியின் கையை விட்டுப் போகவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. பணம் போட்டவர் ஆலையிலும் பெயரிலும் விற்பனையிலும் போட்டனர். நிலம் விலைக்குக் கிடைக்காமையால் அவர்கள் விளைபொருளின் தரத்தையே நாடவேண்டியதாயிற்று. ஆகவே நிலச்சட்டம் மூலதனத்துக்குத் தடையன்று. அது செல்லவேண்டிய வாய்க்காலுக்குக் கரை என்பதே என் துணிபு.

தொழிலறிவு ஒருநாள் உபதேசமன்று என்பதற்கும் அரக்கே சான்று. காப்பிக் காய்த் துளைப்பான் வண்டு இந்தியாவில் முதன்முதல் 1990-இல் நமது நீலகிரியின் கூடலூர்ப் பக்கத்தில் காணப்பட்டது. 2025-இல் அது அரக்குக்கும் வந்துவிட்டது. பழத்தை மிச்சமின்றிப் பறித்தல், உதிர்ந்ததைப் பொறுக்குதல், தாக்குண்ட காயைக் கொதிநீரில் முக்குதல், கொட்டையை நன்கு உலர்த்துதல் ஆகியவற்றை ஊரார் யாவரும் ஒருசேரச் செய்தாலன்றி அது அடங்காது. ஒரு தோட்டக்காரர் அசட்டையாயிருப்பின் பக்கத்துத் தோட்டங்களுக்கும் நஷ்டம்.

கவனிக்கவேண்டியவை

மலைநாட்டில் தொழில் தொடங்க எவரேனும் முன்வரின், ஊரார் கீழ்க்கண்டவற்றை விசாரித்தல் நலம்:

1. நிலம் யார் பெயரில் நிற்கும்? குத்தகை, கூட்டு, பினாமி என எப்பெயரிட்டு வந்தாலும் நிலம் கைமாறுமாயின் ஒப்பலாகாது.

2. கிராம சபையில் தாய்மொழியில் விஷயம் விளக்கப்பட்டதா? 1996-ஆம் வருஷத்துப் பஞ்சாயத்து விஸ்தரிப்புச் சட்டப்படி, அட்டவணைப் பகுதிகளில் நிலம் எடுக்குமுன் ஊராரைக் கலக்கவேண்டும். ஒடிசாவின் நியமகிரியில் பாக்ஸைட் சுரங்கத்தைப் பற்றி 2013-இல் பன்னிரண்டு கிராம சபைகளைக் கேட்டபோது பன்னிரண்டும் மறுத்துவிட்டன, சுரங்கமும் நின்றது. முன்னரே கேட்டிருப்பின் இருதரத்தாருக்கும் வீண்செலவு நேர்ந்திராது.

3. விலை எவ்வாறு கணக்கிடப்படும்? எடையும் தரமும் விற்பவன் கண்ணெதிரில் பார்க்கப்படவேண்டும்.

4. ஊர் வாலிபரும் பெண்களும் யந்திரத்தையும் கணக்கையும் கற்பார்களா, கூலிகளாகவே நிற்பார்களா?

5. லாபத்தில் ஊருக்கு எவ்வளவு? மேற்சொன்ன தீர்ப்பின் 20 சதவீதத்தை ஓர் அளவுகோலாக மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இக்கேள்விகளுக்கு நேரான விடை கூறுபவரை மாலையிட்டு வரவேற்கலாம். விடை கூறத் தயங்குபவர், 1917-இல் சட்டம் யாருக்கு அஞ்சி இயற்றப்பட்டதோ அந்தச் சாவுகாரின் வழியில் வந்தவரே ஆவர். காப்பிச் செடி காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும்; அதுவரை பொறுத்திருக்கக் கூடியவன், நிலம் தன் பிள்ளைகளுக்கும் உரியது என்று உறுதியாக அறிந்தவனே. ஆதலின் மலைநாட்டுத் தொழிலில் ஈடுபட விரும்பும் சங்கத்தார் முதலில் பட்டாவைப் பத்திரப்படுத்தி, பின்னர் ஆலைக்குப் பங்கு திரட்டுவார்களாக.