சாவா மூவாப் பேராடும் சில ஆங்கிலச் சொற்களும்

பள்ளியிறுதி வரை தமிழில் பயின்று, கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலைப் புரட்டும் நம்மில் பலர், அகராதியில் முதலில் நிற்கும் பொருளையே பிடித்துக் கொள்கிறோம். 'லைஃப்' என்றால் வாழ்க்கை. 'பர்மனென்ட்' என்றால் நிரந்தரம். இப்பொருள் எல்லா இடத்திற்கும் பொருந்துமா?

உயிரியலில் 'லைஃப்' என்பது உயிர், காப்பீட்டில் ஆயுள், நாவல்களில் வாழ்க்கை. இயற்பியலார் 'ஹாஃப் லைஃப்' என்கிறார்கள். யுரேனியத்திற்கு உயிரும் இல்லை, வாழ்க்கையும் இல்லை. 'அரை ஆயுட்காலம்' என்று தமிழாக்கியவர் பொருளறிந்தே செய்திருக்கிறார்.

'பர்மனென்ட்' என்பதன் இலத்தீன் வேருக்கு 'இறுதிவரை தங்கியிருத்தல்' என்பது பொருள். நிரந்தரம் என்னும் வடசொல்லோ 'இடைவெளி இல்லாமை'. தாவரவியலில் 'பர்மனென்ட்' திசு, அதாவது நிலைத்த திசு, பொதுவாகப் பகுபடும் ஆற்றலை இழந்துவிட்டது. நீரைக் கடத்தும் சைலக் குழாய்களோ இறந்த பின்னரே அவ்வேலையைச் செய்கின்றன! வரலாற்றுக்கு வருவோம். 1793-இல் வங்காளத்தில் காரன்வாலிஸ் கொண்டுவந்த 'பர்மனென்ட் செட்டில்மென்ட்' என்னும் நிலவரி ஏற்பாடு, 1802-இல் சென்னை மாகாணத்திலும் சட்டமாயிற்று. இங்கே அதை ஒழிக்க 1948-இல் இன்னொரு சட்டம் வந்தது. அந்த நிரந்தரத்தின் வயது 146 ஆண்டு.

'பெரேனியல்' என்பது ஆற்றைக் குறித்தால் ஜீவநதி. (நம் செய்யாற்றை அப்பட்டியலில் சேர்க்க எவரும் துணியார்.) செடியைக் குறித்தாலோ, இரண்டாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாலே போதும்.

இவற்றுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்த சொல் 'இம்மார்ட்டல்'. சாவில்லாதது என்று பொருள். சாவில்லாத உயிர் ஏது? இதற்கு விளக்கம் சோழர் காலக் கல்வெட்டுகளில் இருக்கிறது. கோயிலில் இரவும் பகலும் எரியும் நொந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகளைக் கொடையாக அளிப்பது அக்கால வழக்கம். ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவ்வாடுகளைக் கல்வெட்டு 'சாவா மூவாப் பேராடு' என்கிறது. சாவதுமில்லை, மூப்பதுமில்லை! ஆடு சாகாது என்று நம்பும் அளவிற்கு நம் முன்னோர் வெள்ளந்திகள் அல்லர். ஒன்று செத்தால் ஒரு குட்டி அதன் இடத்தில் நிற்கும், எண்ணிக்கை குறையாது. சாவாதது மந்தை, தனி ஆடு அன்று. கொடையின் காலம் 'சந்திராதித்தவரை', அதாவது சூரியனும் சந்திரனும் உள்ளளவும். சூரியனுக்கே இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுதான் என்பது இன்றைய கணக்கு.

செல்லியல் நூலில் 'இம்மார்ட்டல் செல்' என்று படிக்கும்போது இந்த மந்தையை நினைத்துக் கொண்டால் பொருள் விளங்கிவிடும். 1951-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த செல்கள் ஆய்வகத்தில் பல்கிப் பெருகின. ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ ஒரு நாளில் இரண்டாகிறது. தனிச் செல்கள் மடிகின்றன, மரபு தொடர்கிறது. 'ஹீலா' என்னும் பெயரில் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் அவை உள்ளன. போலியோ தடுப்பு மருந்தைச் சோதிக்கவும் அவை உதவின.

அவரோ அதே 1951-ஆம் ஆண்டு அக்டோபரில், ஐந்து குழந்தைகளை விட்டுவிட்டு, 31-ஆம் வயதில் இறந்துபோனார். செல்களை எடுக்க அவரிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. அவை உயிரோடிருக்கும் செய்தி அக்குடும்பத்திற்கு எட்டவே இருபதாண்டுகளுக்கு மேலாயிற்று. அவற்றை விற்று ஆதாயம் அடைந்த நிறுவனம் ஒன்று அவர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது 2023-இல்.