ஒருவனா, பலரா? ஆங்கிலப் பிழைதிருத்தமும் தமிழ்ப் பெயரெச்சமும்

ஜொகூர் மாநிலத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் பயிலும் மாணவன் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளையும் ஒருங்கே கற்கிறான். ஆறாண்டுக் கல்வி முடிந்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்றபின் தமிழ் அவனுக்கு ஒரு பாடமாக மட்டுமே அமையும். ஆதலின், “ஆங்கிலம் எழுதும்போது தமிழில் எண்ணாதே” என்று பெற்றோர் சிலரும், ஆசிரியர் சிலரும் பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுவதுண்டு. இவ்வறிவுரை எல்லா இடத்தும் பொருந்துமா? மாணவரைப் பெரிதும் மயக்கும் ஒரு பிழைதிருத்த வினாவைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

“குமார் இஸ் ஒன் ஆஃப் த பாய்ஸ் ஹூ ஹேஸ் கம் ஃப்ரம் குளுவாங்.” இவ்வாக்கியத்தில் பிழை உண்டா? உண்டெனில் எச்சொல்லில்?

மாணவருள் பெரும்பாலோர் பிழையில்லை என்றே விடையளிப்பர். காரணம் கேட்டால், “ஒன் என்பது ஒருமை, ஆகவே ஹேஸ் சரி” என்பர். இது கல்லாமையால் விளைந்த தவறன்று. கற்ற விதியை இடமறியாது பொருத்தியதால் விளைந்தது. “ஒன் ஆஃப் த பாய்ஸ் ஹேஸ் கம் ஃப்ரம் குளுவாங்” என்னும் வாக்கியத்தில் எழுவாய் ‘ஒன்’ என்பதே. ஆங்கே ஒருமை வினை வருதல் முறை. பன்மைப் பெயராகிய ‘பாய்ஸ்’ அருகில் நின்றாலும் அதனைக் கண்டு ஏமாறலாகாது என ஆசிரியர் கற்பித்திருப்பார். அவ்விதியையே மாணவன் இங்கும் கொண்டுவந்து பொருத்துகிறான்.

ஆனால், வினாவாக வந்த வாக்கியத்தில் வினைகள் இரண்டு. குமாருக்குரிய வினை ‘இஸ்’. அது ஒருமையாகவே நிற்கிறது. இரண்டாவது வினைக்கு எழுவாய் ‘ஹூ’ என்னும் சொல். அச்சொல்லுக்கு ஒருமை வடிவம் வேறு, பன்மை வடிவம் வேறு என்பது இல்லை. அது எப்பெயரைச் சுட்டுகிறதோ அப்பெயரின் எண்ணையே தானும் ஏற்கும். அவ்வாறாயின், அது சுட்டுவது ‘ஒன்’ என்பதையா, ‘பாய்ஸ்’ என்பதையா? வினாவின் முடிச்சு இதுவே.

இம்முடிச்சை அவிழ்க்க மலாய்மொழி உதவாது. மலாய் வினைச்சொல் ஒருமைக்கும் பன்மைக்கும் வடிவம் மாறுவதில்லை. தமிழோ உதவும். வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்ப்போம்: “குளுவாங்கிலிருந்து வந்திருக்கும் சிறுவர்களுள் குமார் ஒருவன்.”

‘வந்திருக்கும்’ என்பது பெயரெச்சம். பெயரெச்சத்தில் காலமும் செயலும் தோன்றும். பால் தோன்றாது என்பது நன்னூலார் காட்டும் இலக்கணம். வந்திருக்கும் சிறுவன், வந்திருக்கும் சிறுவர்கள் என இரண்டிடத்தும் சொல் ஒன்றே. இவ்வகையில் அது ஆங்கில ‘ஹூ’வைப் போன்றதே. ஆயினும், தமிழ்ப் பெயரெச்சம் தான் தழுவும் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும். தான் காட்டாத எண்ணை அப்பெயரைக் கொண்டு காட்டிவிடும். மேற்கண்ட வாக்கியத்தில் அது தழுவும் பெயர் ‘சிறுவர்கள்’. வந்தவர் பலர், அப்பலருள் குமார் ஒருவன். எனவே ‘ஹூ’ சுட்டுவது ‘பாய்ஸ்’ என்பதையே. வினை ‘ஹேவ்’ எனப் பன்மையில் வருதல் வேண்டும். “குமார் இஸ் ஒன் ஆஃப் த பாய்ஸ் ஹூ ஹேவ் கம் ஃப்ரம் குளுவாங்” என்பதே திருத்திய வாக்கியம்.

இனி, ‘ஒன்’ என்பதற்குமுன் ‘த ஒன்லி’ என்னும் சொற்களைச் சேர்த்தால் என்னாகும்? தமிழில் அது, “அச்சிறுவர்களுள் குளுவாங்கிலிருந்து வந்திருப்பவன் குமார் ஒருவனே” என்றாகும். பெயரெச்சம் இருந்த இடத்தில் ‘வந்திருப்பவன்’ என்னும் ஆண்பால் ஒருமைப் பெயர் வந்துவிட்டது. ஏனையோர் வேறு ஊரினர், வந்தவன் ஒருவனே. ஆகவே இங்கு ‘ஹேஸ்’ என்பதே பொருந்தும். முன்னர்ப் பிழையாக இருந்த சொல் இப்போது சரியாயிற்று. விதியை மட்டும் மனப்பாடம் செய்த மாணவன் இங்கே தடுமாறுவான்; வந்தவர் எத்தனை பேர் என்று பொருளை நோக்கியவன் தடுமாறான்.

ஆங்கில அறிஞரிடையேயும் இதுபற்றிய ஆய்வு நெடுங்காலமாக உண்டு. 1926ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆங்கில வழக்கு நூலில் பௌலர் இவ்விடத்து ஒருமை வினையைக் கண்டித்துள்ளார். 1989இல் வெளியான மெரியம்-வெப்ஸ்டர் வழக்கு அகராதியோ, நல்ல எழுத்தாளர்களிடத்தும் இருவகை வழக்கும் பயில்வதை எடுத்துக்காட்டுகிறது. எனவே தேர்வில் பன்மையே ஏற்ற விடை என்று கற்பிக்கும் ஆசிரியர், ஒருமை எழுதிய பிள்ளையை அறியாதவன் என்று இகழ்தல் தகாது. அவன் ‘ஒன்’ என்னும் சொல்லை உற்று நோக்கியிருக்கிறான். இன்னும் ஓரடி எடுத்து வைக்க அவனுக்குத் துணைபுரிதலே வேண்டுவது.

தமிழ்ச் சொல்வரிசையை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதினால் வாக்கியம் சிதையும் என்பது உண்மை. அந்த அளவில் முற்கூறிய அறிவுரை ஏற்கத்தக்கதே. ஆனால், எழுதுவது வேறு, பொருளைத் தெளிவது வேறு. எச்சொல் எதனைத் தழுவுகிறது என்று தெளிவதற்குத் தாய்மொழி இலக்கணம் தக்க உரைகல்லாகும். ஆங்கிலத்தில் தேர வேண்டும் என்பதற்காகத் தமிழை மறக்கச் சொல்வது, இருட்டில் செல்பவன் கையிலுள்ள விளக்கைப் பறிப்பதை ஒக்கும். பெயரெச்சத்தைத் தமிழ் வகுப்பில் செவ்வையாகக் கற்ற மாணவன், ஆங்கில வகுப்பிலும் அதன் பயனைப் பெறுவான்.